"ரெண்டு வருஷம்தானுங்க": கொங்கு நாட்டிலிருந்து வெளிமாநிலம் குடிபோகிறவர்களுக்கு

2012 ஆடி மூணாம் தேதி, கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து நானும் மனைவியும் ஐந்து மாதக் கைக்குழந்தையும் பெங்களூருக்குக் குடிபோனோம். ஆடியில் யாராவது சாமான் ஏற்றுவார்களா என்று அப்பாரு (தாத்தா) கேட்டார். அங்கே பீன்யா தொழிற்பேட்டையில் வேலை கொடுத்த கம்பெனிக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. வழியனுப்ப வந்த ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன்: "ரெண்டு வருஷம்தானுங்க, வந்துருவோம்." திரும்பி வந்தது 2023 மே மாதம்.

அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்குச் செலவு வைத்தது. ரெண்டு வருஷம்தானே என்று வண்டியின் பதிவை மாற்றவில்லை. ரெண்டு வருஷம்தானே என்று கன்னடம் படிக்கவில்லை, தோட்டத்தை யார் பார்ப்பது என்று பேசி முடிக்கவில்லை, ஒரு நல்ல கட்டில்கூட வாங்கவில்லை. ஐந்து வருடம் பாயில் படுத்தோம். இப்போது ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கமிருந்து பெங்களூர், ஹைதராபாத், புனே என்று கிளம்பும் தம்பி தங்கைகள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: மனசில் ரெண்டு வருஷம் இருக்கட்டும், ஏற்பாட்டைப் பத்து வருஷத்துக்குச் செய்யுங்கள். எப்படி என்பதை, எனக்குத் தெரிந்த பெங்களூரை வைத்து வரிசையாக எழுதுகிறேன். (திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு இது தேவைப்படாது. வடக்கே எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டே ஊரில் வீடு கட்டி முடிக்கிறவர்கள் அவர்கள்.)

முதலில் ஊர்க் கணக்கை முடியுங்கள்

கிளம்ப மூன்று மாதம் இருக்கும்போதே விட்டுப் போகும் ஊரைப் பற்றிப் பேசிவிட வேண்டும். தோட்டத்துக்கு யார் தண்ணீர் கட்டுவது, தேங்காய் வெட்டு யார் கணக்கு, அப்பா தனியாக இருந்துகொண்டு மஞ்சள் போடுவதா வேண்டாமா. வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு) குத்தகைக்கோ விடுவதென்றால் பங்காளியே ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதச் சொன்னால் முகம் சுண்டும்தான். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். பட்டா யார் பெயரில், கிணற்று மோட்டாரின் இ.பி. இணைப்பு யார் பெயரில் என்று பார்த்து வையுங்கள். எங்கள் இணைப்பு அப்பாரு பெயரிலேயே இருந்தது. அவர் போன பிறகு அதை மாற்ற நான் எடுத்த லீவுகளைக் கூட்டினால் ஒரு சுற்றுலா போயிருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்க முடிகிறது. யாருக்காவது பவர் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தால் எந்த வேலைக்கோ அந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள்.

அடுத்தது அப்பா அம்மா. மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், ராத்திரியில் யார் காரை எடுப்பார்கள் என்பதெல்லாம் எல்லாரும் யோசிப்பதுதான். நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. 2014 மழைக்காலத்தில் அப்பா வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிசகிக்கொண்டார். அன்று ராத்திரியும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அம்மாவிடம் போனில் பேசினேன். "ஒண்ணுமில்ல சாமி, எல்லா நல்லாருக்கறோம், நீ வேலையப் பாரு." மூன்றாம் நாள் பக்கத்துத் தோட்டத்துப் பையன் வேறெதற்கோ கூப்பிட்டவன், "அப்பாவுக்கு இப்பத் தேவலைங்களா?" என்றான். அதற்குப் பிறகுதான் அந்தப் பையனிடம் கேட்டுக்கொண்டேன்: வாரம் ஒரு தடவை எங்கள் வீட்டுப் பக்கம் போய்விட்டு, பார்த்ததை அப்படியே எனக்குச் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் நம்மிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சொல்கிற மூன்றாம் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்யாமல் வண்டி ஏறாதீர்கள்.

கோயில் வரியையும் மறக்க வேண்டாம். நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) ஊரில் வரி போடும்போது தலைக்கட்டில் உங்கள் பெயர் இருக்கும். போனிலேயே பணம் அனுப்பிவிடலாம். நீங்கள் குண்டம் மிதிக்க வர முடியாமல் போனாலும் வரி வந்துவிட்டதென்றால் ஊரில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சான்றிதழ்கள்: ஒரு கோப்பு, நகல் ரெண்டு

பள்ளி, கல்லூரி மதிப்பெண் பட்டியல், திருமணப் பதிவு, குழந்தையின் பிறப்புச் சான்று, சமூகச் சான்று, இருப்பிடச் சான்று. கடைசி ரெண்டும் ஊரில் இருக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். அங்கிருந்து வந்து வாங்கும்போது வி.ஏ.ஓ. "நீங்க இங்கெங்க இருக்கறீங்க?" என்று கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

சமூகச் சான்று விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான நினைப்பு உண்டு. தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. பட்டியல் தமிழ்நாட்டுக்குத்தான். ஓசூரைத் தாண்டினால் அந்த மாநிலத்தின் கல்வி, வேலை ஒதுக்கீட்டில் அது செல்லாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இதே நிலைதான் என்று 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய அரசுப் பணிகளுக்கும் மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் சொந்த மாநிலச் சான்று செல்லும்.

வீடு பார்க்கும்போது

பெங்களூரில் அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பது பழைய வழக்கம். நாங்கள் போனபோது பத்து மாதம்தான் கொடுத்தோம். இப்போது குறைத்துப் பேச முடிகிறது, பேசுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும், அதனால்தான் 11.

வாடகையைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "காவேரி தண்ணி வருதுங்களா?" என்பது. குடகிலிருந்து மேட்டூர் வழியாகப் பவானிக் கூடுதுறைக்கு வந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்தவன், அதே ஆற்றின் தண்ணீர் நூறு கிலோமீட்டர் குழாயில் மேடேறி வருகிறதா என்று வீட்டுக்கு வீடு விசாரித்தேன். வராத வீட்டில் போர் தண்ணீர். அதுவும் வற்றினால் டேங்கர். 2024 கோடையில் டேங்கருக்கு அங்கே பட்ட பாட்டை எங்கள் பழைய பக்கத்து வீட்டம்மா போனில் சொன்னார். ஆகவே வீட்டை ஏப்ரலில் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் தண்ணீர் வரும்.

"அசைவம் சமைப்பீங்களா, எந்த ஆளுக?" என்ற கேள்விகளும் வரும். நம் ஊரில் "எந்தக் கூட்டம்?" என்று குலத்தைக் கேட்பதன் அண்ணன் தம்பிதான் அது.

சாமானில் எது வேண்டும்

கல் கிரைண்டரைத் தூக்கிப் போங்கள். நாங்கள் கோயமுத்தூர் கிரைண்டரை ஊரிலேயே வைத்துவிட்டு மிக்ஸியில் ஆட்டி மூன்று மாதம் இட்லி என்ற பெயரில் வேறு எதையோ தின்றோம். கல்லைத் தனியாகக் கழற்றி, பழைய ஜமுக்காளத்தில் சுற்றி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். மேலே எதையும் அடுக்க விடாதீர்கள். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் மாவு பொங்காது. ராத்திரி ஆட்டிய மாவு காலையில் ஆட்டிய மாதிரியே கிடக்கும். மனைவி கண்டுபிடித்த வழி: பகல் மூணு மணிக்கே ஆட்டி, உப்பைக் கையால் கரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அணைத்து வைத்த அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது. காலை ஏழு மணிக்கு மூடி லேசாகத் தூக்கியிருக்கும்.

செக்கு எண்ணெய், நாட்டுச்சக்கரை, கொள்ளு எல்லாம் மாதம் ஒரு தடவை கட்டைப்பையில் வந்துகொண்டுதான் இருக்கும். ஓட்டல் சாம்பார் இனிக்கும். அதற்குப் பழகாமலேயே பதினொரு வருடம் இருக்கலாம், நான் இருந்தேன். ஆனால் ராகி முத்தே வேறு கதை. அது நம் களியேதான்.

மொழி: முதல் மாதமே தொடங்குங்கள்

என் பெரிய வருத்தங்களில் இது ஒன்று. பீன்யா, ஜாலஹள்ளிப் பக்கம் தமிழிலேயே காலம் தள்ளிவிடலாம். காய்காரர், மேஸ்திரி, கம்பெனியில் பாதிப் பேர், எல்லாரும் தமிழ். அதனாலேயே நான்கு வருடம் கன்னடம் வரவில்லை. ஐந்தாம் வருடம் ஷிஃப்டில் கூட வேலை பார்த்த மைசூர்க்காரர் ஒருவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பாதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். தமிழ்ச் சொல் ப-வில் தொடங்கினால் ஹ போடு என்றார். பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு. வ-வில் தொடங்கினால் ப: வா என்பது பா, வெல்லம் பெல்லா, வேண்டும் என்பது பேக்கு. எல்லாவற்றுக்கும் பொருந்தாது, ஆனால் கடைக்குப் போய்வரப் போதும்.

பொறிகளும் உண்டு. "பன்னி" என்றால் வாங்க என்று அர்த்தம்; முதல் நாள் வாசலில் நின்று யாரோ அப்படிக் கூப்பிட்டால் முகத்தைத் தூக்கிவிடாதீர்கள். "சாக்கு" என்றால் போதும். "பேடா" என்றால் வேண்டாம், இனிப்பு ஒன்றும் தரப்போவதில்லை.

கொங்கு ஆட்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நம் வாயில் "ங்க" ஒட்டிக்கொண்டே இருக்கும்; கன்னடத்தில் அந்த இடத்தில் "ரீ" போட்டால் மரியாதை வந்துவிடும். சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்கும் பழக்கம் அங்கேயும் இருக்கிறது: "ஊட்டா ஆய்த்தா?" உகாதிக்குப் பக்கத்து வீட்டம்மா தட்டில் வைத்துக் கொடுத்த போளியை நாங்கள் ஒப்புட்டு என்றோம், அவர் ஒப்பட்டு என்றார். இதெல்லாம் அதிசயமில்லை. இப்போது கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகால் 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. ஈரோடு மாவட்டத்துத் தாளவாடியில் இன்றைக்கும் வீட்டுப் பேச்சு கன்னடம்.

வண்டி: நான் செய்யாததைச் செய்யுங்கள்

ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. வரிசை இப்படி: சொந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, கடன் இருந்தால் அதற்கு வங்கியின் சம்மதக் கடிதம், புது மாநிலத்தில் வண்டியின் வயசுக்குக் கழித்த சாலை வரி, அங்கே புது எண், அப்புறம் பழைய மாநிலத்தில் மீதி வரியைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பம். கடைசிப் படியைப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். அது உங்கள் பணம்.

நான் டி.என். 36 பலகையோடு ஐந்து வருடம் ஓட்டினேன். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தபோது, வீட்டுக்காரர் தானே இறங்கி வந்து என் காரைக் காம்பவுண்டுக்குள் தள்ளச் சொல்லித் தார்ப்பாய் போட்டு மூடினார். மேலே நாலு செங்கல். "யாரும் கேட்டால் என் மாமனார் வண்டி என்பேன்" என்றார். மறுநாள் காபியும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. அந்த ஊரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்கு ஞாபகம் வருவது அந்தத் தார்ப்பாய். அதற்குப் பிறகும் நான் பதிவை மாற்றவில்லை, பாருங்கள். அடுத்த வருடம் சோதனையில் மாட்டி, அபராதத்தோடு வரி கட்டி, ஊரில் சான்று வாங்கப் போனால் சேலத்தில் எப்போதோ விழுந்த ஒரு இ-சலான் பாக்கி என்று திருப்பி அனுப்பினார்கள். முன்கூட்டியே எல்லா சலானையும் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

அடிக்கடி மாநிலம் மாறும் வேலை என்றால், புது வண்டி வாங்கும்போது, மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத பி.எச். (பாரத்) வரிசை எண் கிடைக்குமா என்று கேளுங்கள். 2021-ல் வந்தது. அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேல் மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் உண்டு. ஓட்டுநர் உரிமத்துக்குக் கவலை வேண்டாம், நாடு முழுக்கச் செல்லும்.

மற்ற காகிதங்கள், சுருக்கமாக

ஓட்டை மாற்றப் படிவம் 8. ரெண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். உள்ளாட்சித் தேர்தலில் பங்காளிக்கு ஓட்டு வேண்டுமே என்று பார்க்காதீர்கள். வேறு மாநிலத்தில் ரேஷன் வாங்கும் வசதி முன்னுரிமை, அந்த்யோதயா அட்டைகளுக்குத்தான். பி.எஃப். கணக்கை ஒரே யு.ஏ.என்.-இல் (பி.எஃப். அடையாள எண்ணில்) மாற்றிக்கொண்டே போங்கள். கட்டில் வாங்கவோ வேறெதற்கோ இடையில் எடுத்துவிடாதீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் கணக்கு வேண்டும்.

கிடைத்தது

சம்பளத்தைச் சொல்லவில்லை, அது வரும் என்று தெரிந்துதானே போகிறோம். நான் எதிர்பார்க்காதது மனைவிக்கு நடந்தது. ஊரில் பி.காம். படித்துவிட்டு மாட்டுச்சாளையும் மாமியார் வீட்டு விருந்தும் என்று இருந்தவர், பெங்களூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தார். வேலைக்குப் போவதைப் பற்றிக் கருத்துச் சொல்ல அந்தத் தெருவில் ஒறம்பரை யாரும் இல்லை. ஸ்கூட்டர் ஓட்டினார், வங்கியில் தானே பேசினார், ஜி.எஸ்.டி. வந்தபோது ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தார். திரும்பி வரலாமா என்ற பேச்சு வந்தபோது முதலில் தயங்கியது அவர்தான். இன்றைக்குக் கோபியில் சொந்தமாகக் கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருக்கிறார். இது ஊரிலேயே இருந்திருந்தால் நடந்திருக்குமா என்று கேட்டால், என் அம்மாவே இல்லை என்கிறார்.

பிள்ளைகளின் படிப்பு: காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள்

குழந்தை பிறந்த வருடத்தை எழுதி, ஆறாம் வகுப்பு எந்த ஆண்டு என்று குறித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு 6 முதல் 12 வரையும், பொறியியல் சேர்க்கைக்கு 8 முதல் 12 வரையும் இங்கேயே படித்திருந்தால் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அந்தச் சான்றோடு விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒவ்வொரு வருட விளக்கக் குறிப்பேட்டையும் வரிக்கு வரி படிக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வேண்டுமென்றால் 6 முதல் 12 வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் பொதுவாக ஏழு கல்வியாண்டு அங்கே படித்திருக்க வேண்டும் என்பது விதி. நடுவில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று தாவினால் ரெண்டு பக்கமும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பள்ளியில் மாநில மொழியைக் கட்டாயமாக்கும் சட்டம் பல மாநிலங்களில் உண்டு. தமிழ்நாட்டில் 2006-லிருந்து தமிழ், கர்நாடகத்தில் 2015 சட்டப்படி கன்னடம், கேரளத்தில் 2017 சட்டப்படி மலையாளம், தெலங்கானாவில் 2018 சட்டப்படி தெலுங்கு. ஆகவே பிள்ளை அங்கே அங்குள்ள மொழியைப் படிக்கும், நல்லதுதான். தமிழ் எழுத்தை வீட்டில் நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். பேச்சு தானாக வரும், எழுத்து வராது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். நாங்கள் அதைச் செய்யவில்லை.

2023 ஜூன் முதல் வாரம், ஈரோடு பஸ் ஸ்டாண்டில் மகளோடு நின்றிருந்தேன். பதினொரு வயசு. கன்னடத்தில் கவிதை ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். கோபி பஸ் எது என்று பார்க்கச் சொன்னேன். ஒரு பஸ்ஸின் முன்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து, "ச... த்... தி..." என்று எழுத்துக் கூட்டினாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. சத்தி, அதாவது சத்தியமங்கலம் போகிற பஸ் கோபி வழியாகத்தான் போகும், அது வேறு விஷயம். பக்கத்தில் கீரை விற்ற அம்மா, "பாப்பா இங்கிலீஷ் மீடியமுங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வந்து போவது

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. தீபாவளி, பொங்கலுக்கு அந்த அறுபதாம் நாளைக் காலண்டரில் சுழித்து வையுங்கள். கோவை பெங்களூர் வந்தே பாரத், உதய் ரெண்டும் திருப்பூர், ஈரோடு, சேலத்தில் நிற்கும். தட்கல் பயணத்துக்கு முந்தின நாள் காலை, ஏ.சி.க்கு பத்து மணி, மற்றதற்குப் பதினொரு மணி.

சாலையில் போகிறவர்கள், சத்தியிலிருந்து கர்நாடகத்துக்கு ஏறும் திம்பம் மலைப்பாதையின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவு, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே. 2022 பிப்ரவரியிலிருந்து இரவில் போக விடுவதில்லை. அந்த வருட ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அப்பாரு தவறிவிட்ட செய்தி வந்தது. தொப்பூர், மேட்டூர் வழியாகச் சுற்றி வந்து சேர்ந்தோம். வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கணவாயில் மூணு மணி நேரம் நின்றது. வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நாங்கள் வந்தபோது ஆசாரத்தில் அவர் கயிற்றுக் கட்டில் சுவரோரமாக நிமிர்த்தி வைத்திருந்தது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் சொல்வது. இதற்கு என்னிடம் வழிகாட்டுதல் எதுவும் இல்லை. கையில் எப்போதும் ரெண்டு நாள் லீவும் டேங்கில் பாதி டீசலும் இருக்கட்டும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

திரும்பும்போது

திரும்புவதும் ஒரு குடிபோவதுதான். சம்பளம் குறையும், எங்களுக்குப் பாதிக்குக் கீழே வந்தது. ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். ஊரில் நீங்கள் விட்டுப் போன இடம் அப்படியே காத்திருக்காது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு அதில் ஒரு சொல் உண்டு, அதைக் கேட்க வேண்டும். மஞ்சள் போடலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னபோது, "நீங்க பீன்யாவுலயே நல்லா யோசிப்பீங்கண்ணா" என்றான். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். இந்த வருடம் கொஞ்சம் கேட்கிறான்.

பள்ளிக்கு மாற்றுச் சான்றிதழை மார்ச்சிலேயே கேளுங்கள். காஸ் இணைப்பு, வாடகை அட்வான்ஸ், பெயின்ட் பணம் எல்லாவற்றையும் சாமான் ஏற்றுவதற்கு முன்னால் தீர்த்துவிடுங்கள். ஏற்றிய பிறகு பேசினால் குறையத்தான் செய்யும். ஓட்டுக்கு மறுபடி படிவம் 8.

காருக்கு மட்டும் கே.ஏ. 04 பலகை இருந்தது. ஊரில் அதைக் கன்னடத்துக்காரர் வண்டி என்றே சொன்னார்கள். வந்த நாலாம் மாதம், சலான் எல்லாவற்றையும் பார்த்துக் கட்டிவிட்டு, படிவம் 28-ஐப் பூர்த்தி செய்து பெங்களூருக்குப் பஸ் ஏறினேன்.